சைக்கிளுக்குச் செயினா, பெல்ட்டா?

வீட்டுக்குள் விஞ்ஞானம்



சைக்கிளில் பாடசாலை போய் வரும் பிள்ளையின் உடுப்பைக் கழுவும் தாய்மாருக்கு ஒரு கறை மட்டும் தீராத தலைவலி. வலது காலின் கணுக்காலுக்குச் சற்று மேலே கறுப்பாக ஒட்டியிருக்கும் செயின் எண்ணெய்க் கறைதான் அது. சவர்க்காரம் போட்டுக் கசக்கினால் கறுப்பு சாம்பலாகுமே தவிர, முழுதாகப் போகாது.

கறை போனால் போகட்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அபாயாவின் ஓரமோ, சல்வாரின் காலோ, சாரனின் நுனியோ ஓடும் செயினுக்கும் பற்சில்லுக்கும் இடையில் அகப்பட்டால் என்ன நடக்கும்? துணி உள்ளே இழுபடும், பெடல் இறுகும், வண்டி சாயும். பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தால் நினைக்கவே நெஞ்சு பதறும். இந்தப் பயத்தினாலேயே, "பொம்பிளைப் பிள்ளைக்குச் சைக்கிள் வேண்டாம்" என்று முடிவெடுக்கும் வீடுகளும் உண்டு. ரியூஷனுக்கு நடந்து போய் அந்தி சாய்ந்து களைத்து வருவதோ, முச்சக்கர வண்டிக்கு மாதாமாதம் பணம் எண்ணிக் கொடுப்பதோ அந்த முடிவின் விலையாகிவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, வீட்டு மூலைகளில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. சைக்கிளின் அருமை அப்போது பலருக்குப் புரிந்தது. "செயினே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சைக்கிள் இருக்கிறதாமே, எண்ணெயும் வேண்டாமாமே, அதை வாங்கினால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா?" என்ற கேள்வி எழுவது இயல்பே. இம்முறை அதைப் பார்ப்போம்.

செயின் வந்த கதை

ஆதியில் சைக்கிளுக்குச் செயினே இருக்கவில்லை. 1870களில் ஓடிய வண்டிகளில் முன்சில்லு ஆள் உயரத்துக்குப் பெரிதாக இருந்தது. பெடல்கள் அந்தச் சில்லின் நடுவிலேயே நேராகப் பூட்டப்பட்டிருந்தன. ஏறுவதும் கடினம், விழுந்தால் தலைகீழாக விழுவதுதான். நீண்ட உடுப்பு அணிந்த பெண்களுக்கு அது எட்டாத வண்டி.

1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனோல்ட் என்பவர் உருளை வைத்த செயினை உருவாக்கினார். 1885ஆம் ஆண்டில் கொவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஜோன் கெம்ப் ஸ்டார்லி, அளவான இரண்டு சில்லுகளும், பின்சில்லைச் சுழற்ற ஒரு செயினும் கொண்ட "ரோவர்" சைக்கிளைக் கொண்டுவந்தார். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் மூத்த வாப்பா அதுதான்! வண்டி தாழ்ந்ததால் பெண்களும் ஏறலாம் என்றாயிற்று. குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிளும் விரைவில் வந்தது.

அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்கள் அணிந்ததும் தரையைத் தொடும் நீண்ட கவுன்தான். எனவே உடுப்பு செயினில் சிக்கும் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. அவர்கள் அதற்கு இரண்டு வழி செய்தார்கள். செயினை முழுதாக ஒரு பெட்டிக்குள் மூடினார்கள். பின்சில்லின் மேற்பாதியில் நூலாலோ வலையாலோ ஒரு தடுப்புக் கட்டினார்கள். இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள். கடைசியில் இங்கேயேதான் திரும்பி வரப் போகிறோம்.

பெல்ட்டும் தையல் மெஷினும்

பெல்ட் என்பது நமக்குப் புதிதல்ல. காலால் மிதிக்கும் தையல் மெஷினில் கீழே பெரிய சில்லையும் மேலே சிறிய சில்லையும் இணைத்து ஓடுகிறதே ஒரு தோல் பெல்ட், அதே தத்துவம்தான். அந்தத் தோல் பெல்ட்டின் குணமும் உங்களுக்குத் தெரியும். தளர்ந்துவிட்டால் கீழ்ச்சில்லு சுற்றும், மேற்சில்லு சுற்றாது. தடித்த துணியில் ஊசி இறங்கும்போது பெல்ட் வழுக்கிவிடும். சைக்கிளில் இப்படி வழுக்கினால் மேட்டில் ஏற முடியுமா? அதனால்தான் வழுவழுப்பான பெல்ட் சைக்கிளுக்கு உதவவில்லை.

இதற்கு விடை பிறந்ததும் தையல் மெஷினில்தான் என்பது சுவையான செய்தி. தையல் மெஷினில் மேலே ஊசியும் கீழே பொபினும் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் அசைய வேண்டும். ஒரு நூலிழை பிந்தினாலும் தையல் விடுபடும். 1940களில் அமெரிக்காவின் கில்மர் கம்பனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் கேஸ் என்ற பொறியியலாளர், பெல்ட்டின் உட்புறத்தில் பற்களை வைத்தார். அந்தப் பற்கள் சில்லின் பள்ளங்களில் போய் அமர்ந்தன. வழுக்கலுக்கு இடமில்லை. இந்தப் பல் பெல்ட் பிற்பாடு மோட்டார் வாகன இயந்திரங்களுக்குள்ளும் போனது. கார் வைத்திருப்போர் "டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும்" என்று சொல்வது இதைத்தான். 1980ஆம் ஆண்டில் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் பின்சில்லைச் சுழற்றவும் இத்தகைய பெல்ட் வந்தது.

சைக்கிளுக்கு அது வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். 1980களில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் பெல்ட் சைக்கிள்களை விற்றது. பிரித்தானியாவில் மார்க் சாண்டர்ஸ் என்பவர் வடிவமைத்த "ஸ்ட்ரைடா" என்ற மடிக்கும் சைக்கிள் 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதுவும் பெல்ட்டில் ஓடுவதே. மடித்துத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறுபவரின் உடுப்பில் எண்ணெய் படக்கூடாதல்லவா? பின்னர் அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம் காபன் நார்களை உள்ளே வைத்து, பொலியூரேத்தேன் என்ற பிளாஸ்டிக்கினால் மூடிய பெல்ட்டைச் சைக்கிளுக்கென்று கொண்டுவந்தது. பார்க்க இறப்பர் வார் போல இருந்தாலும், இழுத்தால் நீளாத உறுதி அந்த நார்களால் கிடைக்கிறது.

பெல்ட்டின் நன்மைகள்

முதலாவது, எண்ணெய் வேண்டாம். ஆகவே கறையும் இல்லை. அழுக்குப் பிடித்தால் தண்ணீர் ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இரண்டாவது, துருப்பிடிக்காது. கடற்காற்று வீசும் ஊர்களில் இருப்போருக்கு இதன் பெறுமதி விளங்கும். ஒரு மழைக்காலம் வெளியே நின்ற செயின் எப்படிச் செம்மஞ்சளாகிறது என்று பார்த்திருக்கிறோமே.

மூன்றாவது, சத்தமில்லை.

நான்காவது, ஆயுள். செயினில் நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரும்போடு இரும்பு உராய்கிறது. "செயின் இழுபட்டு விட்டது" என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை, ஒவ்வோர் ஆணியும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. அத்தனை தேய்வும் சேர்ந்து செயின் நீண்டதுபோல் ஆகிறது. பெல்ட்டில் உராயும் ஆணிகள் இல்லை. செயினைவிடப் பல மடங்கு தூரம் ஓடும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள்

செயினை எந்த இடத்திலும் கழற்றி மீண்டும் பொருத்தலாம். பெல்ட் முடிவில்லாத ஒரே வளையம். அதை மாட்ட வேண்டுமானால் சைக்கிளின் பின்பக்கப் பிரேம் ஓரிடத்தில் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சாதாரணப் பிரேமில் அந்த வசதி இல்லை. எனவே வீட்டிலுள்ள செயின் வண்டிக்குப் பெல்ட் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். யாரும் பிரேமை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்றால் சம்மதிக்கவும் வேண்டாம்.

பெல்ட் ஒரு பற்சில்லிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாது. கியர் வேண்டுமானால் பின்சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே கியர் இருக்க வேண்டும். அதனால் விலை கூடும்.

பெல்ட் சரியான இறுக்கத்தில், இரு பற்சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க ஓட வேண்டும். தளர்ந்தால் பல் தாவும். அளவுக்கு மீறி இறுக்கினால் மிதிப்பது பாரமாகும்.

காபன் நார் இழுவைக்குச் சிங்கம், மடிப்புக்குக் கண்ணாடி! பெல்ட்டை முறுக்கினாலோ, கூராக மடித்தாலோ உள்ளேயுள்ள நார் முறியும். வெளியே ஒன்றும் தெரியாது, பிறகு ஒருநாள் வழியில் அறுந்து போகும். அறுந்த செயினைச் சந்திக் கடையில் இருக்கும் நானா சில நிமிடங்களில் கோர்த்துத் தருவார். அறுந்த பெல்ட்டைக் கோர்க்க எவராலும் முடியாது. அதே நீளத்தில் புதியதுதான் வேண்டும். அது எல்லா ஊர்க் கடைகளிலும் தொங்கும் பொருளல்ல.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இனித்தான். துணி சிக்கும் ஆபத்து பெல்ட்டினால் நீங்குமா? நீங்காது. பெல்ட்டும் ஒரு பற்சில்லுக்குள் போய் வருவதுதான். தொங்கும் துணியை அதுவும் இழுக்கும். சின்னப் பிள்ளை விளையாட்டாக விரலை வைத்தால் விரலையும் நசுக்கும். அதுமட்டுமா? நீண்ட உடுப்பு செயினில் மட்டும் சிக்குவதில்லை, பின்சில்லின் கம்பிகளுக்குள்ளும் சிக்குகிறது. அங்கே செயினுக்கும் வேலையில்லை, பெல்ட்டுக்கும் வேலையில்லை.

ஆக, சகோதரிகளே, அழுக்குக்கு மருந்து பெல்ட். ஆபத்துக்கு மருந்து மூடி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பெரும் பணம் கொடுத்துவிடக் கூடாது.

பாவித்த பெல்ட் வண்டி கண்ணில் பட்டால்

ஜப்பானில் பாவித்த சைக்கிள்கள் நம் நாட்டுக்கு வருவதுண்டு. அவற்றுள் ஒரு பெல்ட் வண்டி உங்கள் கண்ணில் பட்டால், பணம் கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள்.

பெல்ட்டின் பற்களை ஒரு சுற்று முழுதும் பாருங்கள். உடைந்த பல்லோ, வெடிப்போ, ஓரத்தில் பிய்ந்து நிற்கும் நாரோ இருந்தால் அந்தப் பெல்ட்டின் காலம் முடிந்தது. பற்சில்லின் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பலமாக அழுத்துங்கள். பல் தாவும் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். மாற்றுப் பெல்ட் எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால், அந்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

வீட்டிலுள்ள செயின் வண்டியைச் சரிப்படுத்த

பெரும்பாலான நம் வீடுகளுக்குப் பொருத்தமானது, நன்றாக மூடப்பட்ட ஒரு செயின் வண்டியே. நெதர்லாந்து நாட்டில் பெண்கள் வழமையான உடுப்போடே சைக்கிளில் வேலைக்கும் கடைக்கும் போகிறார்கள். அங்கே இன்றும் பல வண்டிகளில் செயின் முழுதாகப் பெட்டிக்குள்தான் ஓடுகிறது. பின்சில்லின் இருபுறமும் உடுப்புத் தடுப்பும் உண்டு. மூடிய செயினில் மழையும் மணலும் படுவது குறைவு. ஆகவே எண்ணெயும் நீண்ட நாள் நிற்கும்.

மகளின் வண்டியில் மேற்புறத்தை மட்டும் மறைக்கும் அரைச் செயின் கவர் இருந்தால், முழுக் கவர் போட முடியுமா என்று கடையில் கேளுங்கள். பின்சில்லுக்கு, மட்கார்ட்டிலிருந்து அச்சு வரை இருபுறமும் வலைத் தடுப்புப் பூட்டச் சொல்லுங்கள். வலையை இறுக்கமாகக் கட்ட வேண்டும். தளர்ந்த வலை தானே சில்லுக்குள் போய்விடும். உடுப்பின் ஓரத்தை ஓட்டும்போது கணுக்காலுக்கு மேலே நாடாவால் கட்டிக்கொள்வதும் நல்லது.

கறை குறைய வழி, எண்ணெயை அள்ளி ஊற்றாமல் இருப்பதே. மாதம் ஒருமுறை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயினைத் துடையுங்கள். அடுப்படியில் வைத்து அல்ல, முற்றத்தில். நன்றாக உலர்ந்த பின் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். பெடலைப் பின்னோக்கிப் பல தடவை சுழற்றி, சற்றுப் பொறுத்து வெளியில் நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை உள்ளேதான். வெளியே நிற்பது புழுதியைச் சேர்த்து உடுப்பில் பூசுவதற்கே உதவும். வாகனத்தில் வடித்த கழிவு ஒயில் வேண்டாம். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும், தோலுக்கும் கூடாது. தேங்காய் எண்ணெயும் நாளடைவில் பிசினாகிப் புழுதியை இழுக்கும்.

செயினை மாற்ற வேண்டிய காலத்தைப் பிள்ளையின் அடிமட்டமே சொல்லும். புதிய செயினில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடு வரை சரியாக அரை அங்குலம். அப்படியானால் 24 இடைவெளிகளுக்கு 12 அங்குலம். செயினை இறுக்கமாக வைத்து அளந்து பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு கூடியிருந்தால் அந்தச் செயின் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் ஓட்டினால் பற்சில்லையும் தின்றுவிடும், ஒரு செலவு இரண்டாகும்.

பெல்ட் நல்ல கண்டுபிடிப்பு என்பதில் சந்தேகமில்லை. ஒருநாள் அது நம் ஊர்க் கடைகளிலும் சாதாரணமாகத் தொங்கும்போது, வாங்கத் தயங்க வேண்டாம். ஆனால் அந்த நாள் வரும் வரை மகளைக் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முழுக் கவர், இரண்டு வலைத் தடுப்பு, மாதம் ஒருமுறை சிறிது எண்ணெய் இருந்தால், இருக்கிற வண்டியிலேயே அவள் நிம்மதியாகப் போய் வரலாம்.