கட்டுமானத் தூசும் கொம்யூன் பஞ்சாயத்தும்

"வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. விறகடுப்பை விட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிறகு எப்படி டாக்டர் அம்மாவுக்கு இப்படி இரைக்கிறது?" பாகூர்ப் பக்கத்திலிருந்து தாயாரை அழைத்து வந்த ஓர் இளைஞர் சில மாதங்களுக்கு முன் எங்களிடம் கேட்ட கேள்வி இது. அம்மையாருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வந்தவர், அந்தப் பருவத்தில் ஆறு வாரங்களுக்குள் மூன்று முறை வந்துவிட்டார். வீட்டைச் சுற்றி என்ன நடக்கிறது என்று விசாரித்தோம். முன்பு நெல் வயலாக இருந்த இடம் மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றில் மூன்று வீடுகள் ஒரே சமயத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. எம்-சாண்டும் ஜல்லியும் தெருவிலேயே கொட்டிக் கிடந்தன.

இளைஞரின் தொழிலைக் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். டைல்ஸ் ஒட்டும் வேலை. வெட்டுவதும் அவரே. முகத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்வாராம். அவரையும் ஒரு மூச்சுத்திறன் சோதனை செய்துகொள்ளச் சொன்னோம். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார்.

இந்தக் குடும்பத்தை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதுகிறோம். வில்லியனூரிலும் பாகூரிலும் வீடு கட்டுவோர் நமக்கு அந்நியர் அல்லர். எங்கள் நோயாளிகள், அவர்களின் பிள்ளைகள், கொத்தனார்கள், சித்தாள்கள், எங்கள் செவிலியர்கள் எனப் பலரும் அவர்களுள் உண்டு. புதுச்சேரி நகரத்தில் நிலத்தின் விலை எட்டாத உயரத்திற்குச் சென்றபின், நடுத்தரக் குடும்பங்கள் இந்தக் கொம்யூன்களை நாடி வருவது இயல்பே. நான்கு வழிச்சாலை வந்தபிறகு அந்த வேகம் இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே, கட்டாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. கட்டும் முறையைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

முதலில் தூசு. கண்ணுக்குத் தெரியும் மண் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடும். எங்களுக்குக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாத துகள். தலைமுடியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத துகள்கள் மூச்சுச் சிற்றறைகள் வரை இறங்குகின்றன. கிரானைட்டு, டைல்ஸ், கான்கிரீட் ஆகியவற்றை உலர்வாக வெட்டும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசில் படிகச் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் ஏற்படுத்தும் தழும்பே சிலிகோசிஸ். அந்தத் தழும்பை அகற்றும் மருந்து இதுவரை இல்லை. அந்நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் மிகுதி. துண்டு கட்டிக்கொள்வது இத்துகளைத் தடுக்காது. வெட்டும் இடத்தில் நீர் விழச்செய்து வெட்டுவதும் என்-95 வகை முகக்கவசமுமே பயன்தரும். நீர் விட்டு வெட்டினால் வேலை தாமதமாகிறது, சேறாகிறது என்று மேஸ்திரிகள் சொல்வதை நாங்கள் அறிவோம். அந்தத் தாமதத்திற்கான கூலியை வீட்டுக்காரர் தரவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு குறிப்பிட்ட நோயாளியின் இரைப்புக்கு அடுத்த மனைத் தூசுதான் காரணம் என்று எங்களால் அறுதியிட்டுக் கூற இயலாது. குப்பை எரிக்கும் புகை, வாகனப் புகை, பனிக்காலக் காற்று, விட்டுவிட்டு எடுத்துக்கொண்ட இன்ஹேலர் என எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆயினும் ஏற்கெனவே சுருங்கிய மூச்சுக்குழாய்க்குத் தூசு கூடுதல் சுமை என்பதில் ஐயமில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கட்டுமானத் தூசைத் தடுக்கும் விதிகளை வெளியிட்டது. திறந்த வெளியில் கற்களை வெட்டுவதும் தேய்ப்பதும் கூடாது. சாலையோரத்தில் கட்டுமானப் பொருளையும் இடிபாடுகளையும் குவிக்கக் கூடாது. மூடாத வண்டியில் அவற்றை ஏற்றிச் செல்லக் கூடாது என்று அவை சொல்கின்றன. ஆனால் பத்துக்கண்ணு சந்திப்பில் கால்மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, எத்தனை டிப்பர் லாரிகளின் மேல் தார்ப்பாய் இருக்கிறது என்பது தெரியும்.

குறை எங்கே இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோமென்றால், நம் ஒழுங்குமுறை பெரிய கட்டடத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, முன் அனுமதி பெறவேண்டியவை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்கள். 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய கட்டுமானக் கழிவு விதிகளும் முக்கியப் பொறுப்புகளை அதே அளவிலிருந்துதான் தொடங்குகின்றன. 20,000 சதுர மீட்டர் என்பது 1,200 சதுர அடி வீடுகள் ஏறத்தாழ 180க்குச் சமம். ஒரே வளாகமாக எழுந்தால் அரசு கேள்வி கேட்கும். நான்கைந்து மனைப்பிரிவுகளில் தனித்தனி வீடுகளாக எழுந்தால், மண்ணும் தூசும் அதே அளவுதான், ஆனால் கேள்வி கேட்பார் இல்லை. நம் கொம்யூன்களில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

ஆகவே, வீட்டுக்கு அருகிலுள்ள அமைப்பே இதைக் கையில் எடுக்கவேண்டும். வரைபட அனுமதி தரும் அமைப்பும் கொம்யூன் பஞ்சாயத்தும் மழைநீர் சேகரிப்பைக் கேட்பதுபோல, பச்சை வலை, தார்ப்பாய், நீர் விட்டு வெட்டுதல், இடிபாடு கொட்டும் இடம் ஆகிய நான்கையும் அனுமதித் தாளிலேயே நிபந்தனையாக எழுதலாம். மீறினால் யாரிடம் சொல்வது என்ற தொலைபேசி எண்ணைக் கட்டட வாயிலில் எழுதி வைக்கச் செய்யலாம். 2006க்குப் பிறகு நீண்ட காலமாக உள்ளாட்சித் தேர்தல் நடைபெறாத நிலையில், வார்டு உறுப்பினரிடம் போய் முறையிடும் வழியும் மக்களுக்கு இல்லாமற்போனது. எனவே அந்த எண் சிறிய வசதியன்று.

அடுத்தது நீர். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும், 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியும் இருக்கின்றன. இவற்றுக்கிடையே ஓடிய சிறு வாய்க்கால்கள் பல, மனை போடுவோரின் கண்ணுக்கு வீணான பள்ளமாகத் தெரிந்தன. கிராவல் கொட்டி மூன்று நான்கு அடி உயர்த்திய புதிய வீட்டுக்கு மழைநீர் வராது. அது பக்கத்திலிருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்குப் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் வெள்ளம் வந்தது. அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் போதியிராது என்பது உண்மை. ஆனால் நீர் வடிய எத்தனை நாள் ஆயிற்று என்பதில் வாய்க்காலுக்குப் பங்குண்டு. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்குச் சாலையில் தேங்கிய நீர் ஒரு தவணையைத் தவறவிடச் செய்தால், உடலில் தேங்கும் நீரும் பொட்டாசியமும் இதயத்தைத் தாக்கும். அந்த வாரத்தில் எங்கள் டயாலிசிஸ் பிரிவில் காலியாகக் கிடந்த படுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது எளிதாக இல்லை.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. க்யூரிங்குக்கு மேல்தளத்தில் பாத்தி கட்டித் தேக்கும் நீர், மூடாத சம்ப், லிஃப்ட் குழி ஆகியவை டெங்குக் கொசுவுக்கு உகந்த இடங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை நீரை வடித்துத் தேய்த்துவிட்டால் போதும்.

எங்கள் மேலும் ஒரு குறை உண்டு. இம்மருத்துவமனையின் விரிவாக்கப் பணி நடந்தபோது, முதல் சில வாரங்கள் மணலை மூடாமல் வைத்திருந்தோம். இடிப்பு வேலையின் தூசில் பூஞ்சை வித்துகள் கலந்திருக்கும். புற்றுநோய் மருந்து பெறுவோருக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோருக்கும் அது உயிராபத்து என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவர்கள் நாங்கள். ஒரு நோயாளியின் கணவர் வந்து சன்னல் விளிம்பை விரலால் தடவிக் காட்டிய பிறகே தடுப்புத் திரை வந்தது. அவருக்கு நன்றி கூறினோம், வெட்கமும் பட்டோம்.

பக்கத்தில் வேலை நடக்கும் வீடுகளில் இருப்போர் சிலவற்றைச் செய்யலாம். வேலை நேரத்தில் அப்பக்கத்துச் சன்னலைச் சாத்தி வையுங்கள். துடைப்பத்தால் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். தடுப்பு இன்ஹேலரை இரைப்பு இல்லாத நாளிலும் நிறுத்தாதீர்கள். டைல்ஸ் வெட்டும் நாளை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு, இயன்றால் நோயாளியை அன்று உறவினர் வீட்டில் தங்கவையுங்கள். எங்களிடம் வரும்போது, உங்கள் தெருவில் என்ன கட்டப்படுகிறது என்பதையும் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

பாகூர் அம்மையார் இப்போது நலம். அவருடைய மகன் மட்டும் சோதனைக்கு இன்னும் வரவில்லை. கூலி போய்விடும் என்று தயங்குகிறார் போலும். சோதனைக்கு அரைமணி நேரம் போதும்; காலையில் முதல் ஆளாக அனுப்பிவைப்போம் என்று அவருடைய தாயாரிடம் சொல்லியிருக்கிறோம்.