முழங்கால் வலி: மாத்திரையோடு பயிற்சியா, பயிற்சியோடு மாத்திரையா?

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவரின் சீட்டில் பெரும்பாலும் இரண்டு விஷயங்கள் இருக்கும். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் என்று சில சத்து மாத்திரைகள். கீழே, பிசியோதெரபிக்குப் போகச் சொல்லி ஒரு வரி. மாத்திரை அன்றைக்கே வாங்கப்படுகிறது. அந்த ஒரு வரி அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் கூடுமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி.

அதை நேராகவே சோதித்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மெஸ்ஸியர் குழுவினர் நடத்தியது. 89 பேரில் ஒரு பிரிவினருக்குக் குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும், இன்னொரு பிரிவினருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. முதல் 6 மாதம் மாத்திரை மட்டும். அடுத்த 6 மாதம் இரு பிரிவினருக்கும் உடற்பயிற்சியும் சேர்ந்தது. இரண்டு கட்டத்திலும் வலியிலோ நடமாட்டத்திலோ மாத்திரைப் பிரிவு முந்தவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு வெளியான, 1,583 பேரைக் கொண்ட பெரிய அமெரிக்க ஆய்விலும் இதே மாத்திரைகளுக்கு ஒட்டுமொத்தமாகத் தெளிவான பலன் தெரியவில்லை. மிதமானது முதல் கடுமையானது வரை வலி இருந்த ஒரு சிறு பிரிவினரில் மட்டும் நன்மைக்கான அறிகுறி இருந்தது.

“எனக்குக் கேட்டதே!” என்பவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பெரிய ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 100க்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. முழங்கால் வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மாத்திரை தொடங்குகிறோம். தானாக இறங்கும் வலியின் பெருமை மாத்திரைக்குப் போகிறது. கூடவே பயிற்சியும் செய்துவந்தால், தொடைத் தசை சேர்த்துத் தந்த பலனும் அந்த டப்பாவின் கணக்கில்தான் எழுதப்படும்.

பயிற்சி ஏன் வேலை செய்கிறது? மூட்டின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் கிடையாது. அமுக்கி விட்டால் நீரை உறிஞ்சும் பஞ்சைப் போல, எடை ஏறி இறங்கும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் போகிறது. நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்தே இருப்பவருக்கு இந்த ஊட்டமும் குறைகிறது; மூட்டைத் தாங்கும் தொடைத் தசையும் சூம்புகிறது. அந்தப் பயத்தைப் போக்குவதே சிகிச்சையில் பாதி என்பேன்.

முதல் பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி 5 விநாடி அழுத்த வேண்டும். தொடையில் கை வைத்துப் பார்த்தால் தசை இறுகுவது தெரியும். முழங்கால் சில்லு சற்று மேலே ஏறும். இறுகவில்லையென்றால் சரியாகச் செய்யவில்லை. இது பழகியபின், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, மெல்ல உட்காருவது. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் தவறில்லை. மறுநாளைக்குள் பழைய அளவுக்குத் தணிய வேண்டும். தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மூட்டு சிவந்து, சூடாக வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிசியோதெரபி என்றாலே ‘கரன்ட் வைப்பது’ என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒத்தடமும் அப்போதைக்கு இதம் தரும், தசையை வளர்க்காது. உங்கள் காலுக்கு ஏற்ற பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும்படி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட பிசியோதெரபி பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் வலி குறைந்து, நன்றாக நடமாடினார்கள். தமிழகத்தில் வெளியே போக முடியாத முதியவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கிறார்கள். இது பலருக்குத் தெரியாமலிருப்பது வருத்தம் தருகிறது.

உடல் எடை கூடியவர்களுக்கு இன்னொன்று: 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் பளு சுமார் 4 கிலோ குறைகிறது. இதைக் கணக்கிட்டதும் மெஸ்ஸியர் குழுவே.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பயிற்சியை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. முழங்காலுக்குக் குளுக்கோசமைன் வேண்டாம் என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறது. குர்குமினுக்குச் சற்றே நல்ல செய்தி உண்டு. சில ஆய்வுகளில் வலி குறைந்தது. ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நடந்தவை.

மாத்திரையைத் தொடர விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடர வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் குளுக்கோசமைன் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். குர்குமினிலும் அதே எச்சரிக்கை தேவை. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க வேண்டும்.

3 மாதம் பயிற்சியும் மாத்திரையும் சேர்ந்து நடந்தபின், பயிற்சியை விடாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வலி கூடவில்லையென்றால், அந்தப் பணத்தில் பிசியோதெரபிஸ்டை இன்னொரு முறை பார்த்துப் பயிற்சியின் அடுத்த படியைக் கற்றுக்கொள்ளலாம்.