கரண்ட் போனா கதவு என்ன பண்ணணும்?

எங்க குருகிராம் அபார்ட்மென்ட் மீட்டிங்குல போன ஞாயித்துக்கிழமை ஒரே சண்டை. கீழ் வாசல் கார்டு கதவுக்கு என்ன பேக்கப் போடறதுன்னு. "ஜெனரேட்டர்தான் இருக்கே, போதும்"னு ஒரு கோஷ்டி. ஜெனரேட்டர் எடுத்துக்கற அந்தச் சில செகண்டுலயே காந்தப் பூட்டு விட்டுடும். கரண்ட் இல்லைன்னா திறந்துக்கறதுதான் அதோட குணம்.

அதனால தனியா 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு வேணும்ங்கறது என் கட்சி. பூட்டு அரை ஆம்பியர், ரீடரும் கண்ட்ரோலரும் சேர்த்து கால் ஆம்பியர்னு வெச்சுக்குங்க. பேப்பர்ல ஒன்பது மணி நேரம் வரும், நிஜத்துல ஆறு வந்தா பெரிசு. இந்த ஊர் வெயில்ல செவுத்துப் பெட்டிக்குள்ள ரெண்டு மூணு வருஷம் வெந்த பேட்டரின்னா அதுவும் கிடையாது.

ஆனா யாருமே கேக்காத கேள்வி, தீ பிடிச்சா? எங்க எலக்ட்ரீஷியன் ஃபயர் அலாரம் ரிலேயை மெயின்ஸ் பக்கம் கொடுக்கப் பார்த்தார். அப்படிக் கொடுத்தா மெயின்ஸ் கட்டாகும், பேட்டரி சமத்தா கதவைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். உள்ள மாட்டினவங்க கதி? ரிலே வெட்ட வேண்டியது பேட்டரியைத் தாண்டி பூட்டுக்குப் போற வயரை. உள்பக்க எமர்ஜென்சி பட்டனும் அதே வயரை நேரா வெட்டணும், கண்ட்ரோலரை நம்பி இருக்கக் கூடாது.

இதைச் சொன்னதும் "எக்ஸ்ட்ரா செலவு எவ்வளவு?"ன்னாங்க. கொஞ்சம் வயர், கொஞ்ச நேர வேலை, அவ்வளவுதான் சாமி! வர ஞாயிறு மெயின்ஸை அணைச்சு, அலாரத்தை அழுத்தி, கதவைத் தள்ளிப் பார்க்கப் போறோம். அதுக்கு அப்புறம்தான் பில்லுக்குப் பணம்னு சொல்லிட்டேன்.