அலகு போல்ட்டில் சிக்கனம் வேண்டாம்

டிராக்டரில் பூட்டும் புதர்வெட்டு யந்திரத்தை அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும் சங்கங்களில், அலகைத் தாங்கும் போல்ட் ஒடிந்துவிட்டால் பழி முழுவதும் கல்லின்மீதும் கட்டையின்மீதும் விழுகிறது. பெரும்பாலும் அதற்கு முன்பே போல்ட் தளர்ந்திருக்கும் என்பதே என் அபிப்பிராயம். தளர்ந்த போல்ட் ஒவ்வோர் அடிக்கும் சிறிது வளைந்து நிமிர்கிறது. மயிரிழை போன்ற கீறல் விழுந்து, நாளடைவில் முறிகிறது. முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் எஞ்சியது சொரசொரப்பாகவும் இருப்பின் காரணம் இதுவே. கட்டையில் மோதும்போது மடங்கிக் கொடுக்கும்படி அலகு தாராளமாகச் சுழல வேண்டும்; போல்ட் மட்டும் அசையலாகாது.

தலையில் 4.6 எனப் பொறித்த போல்ட்டின் இழுவலிமை, 10.9 போல்ட்டினுடையதில் ஐந்தில் இரண்டு பங்கே. எனினும் குறைந்த விலைப்புள்ளியையே ஏற்கவேண்டுமென எண்ணி, காரியதரிசிகள் சிலர் கடைத்தெருவில் கிடைத்ததை வாங்கிவிடுகின்றனர். யந்திரம் செய்தவர் குறித்துள்ள தரத்தையே வாங்குங்கள். அத்தகைய செலவுச் சீட்டை நான் ஒருபோதும் ஆட்சேபித்ததில்லை. ஒன்று ஒடிந்தாலும் எல்லா அலகுகளுக்கும் புதிய போல்ட்டும் நட்டும் சேர்த்தே மாற்றுவது நலம். துளை தேய்ந்த அலகையும் ஜோடியாகவே மாற்றவேண்டும், இல்லையேல் எடை ஒவ்வாமல் யந்திரம் அதிரும்.

கழன்ற அலகு அடுத்த வயலில் நிற்பவரையும் தாக்கக்கூடும். ஆகவே, புறப்படுமுன் டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்தபின் போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தவர் யார், எப்பொழுது என்று எழுத வாடகைச் சீட்டிலேயே ஓர் இடம் ஒதுக்குமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.