முதல்ல நிக்கட்டும், பிறகு ஓடட்டும்

கண்டக்குழியில் எங்கள் கூட்டாளி ஒருத்தன் வீட்டு முற்றத்தில், தென்னை நிழலில் ஒரு வேகன் நிற்கிறது. 1990களின் கடைசியில் ஜப்பானில் செய்தது. டர்போ எஞ்சின், நாலு சில்லுக்கும் இழுவை. கம்பனிப் பேரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் கல்பிட்டி ரோட்டில் அது யாருடைய கார் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். புத்தகத்தில் ஒருத்தன் பேர்தான் இருக்கு. ஆனால் செலவும் வேலையும் எங்கள் ஐந்து பேருக்கும் பொது.

இது கழுவித் துடைத்து படம் எடுத்துப் போடுவதற்கான கார் இல்லை. வெங்காய மூட்டை ஏற்றுவதும் இதில்தான், கலியாண வீட்டுக்குக் கதிரை ஏற்றுவதும் இதில்தான். ராத்திரியில் யாருக்காவது வருத்தம் என்றால் பின் சீட்டை மடக்கி, மெத்தையை விரித்து, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் இதே வேகன்தான்.

போன சோளகக் காலத்தில் எங்களுக்கு ஒரு ஆசை வந்தது. டர்போ பூஸ்டைக் கூட்ட வேணும். காசும் சேர்த்துவிட்டோம். பக்கத்து வீட்டு நானா, வாழ்நாள் முழுக்க போட் எஞ்சின் திருத்தினவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, பின் சில்லக் கடைசியா எப்பக் கழட்டினீங்க?"

ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. கழற்றினோம். பிரேக் பைப் முழுக்கத் துருக் கொப்புளம். கம்பி பிரஷ் மெதுவாகப் பட்டதும் ஒயில் கசிந்தது. அதற்கு இரண்டு கிழமைக்கு முதல்தான் எங்களில் ஒருத்தனின் தங்கச்சியைப் பிரசவத்துக்கு அதே காரில் புத்தளத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். ராத்திரி, வேகமாக. அந்தப் பைப் அன்றைக்கு வெடித்திருந்தால் என்று யோசித்தபோது ஐந்து பேரும் வாய் பேசாமல் மணலில் உட்கார்ந்துவிட்டோம்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு கருத்து இருக்கு. பழைய வேகமான காருக்கு முதல் அப்கிரேட், அதைப் புதுசாக இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் ஏச்சு விழும். பெரியவர்கள் சொல்வார்கள்: "இந்தப் பழைய இரும்பை வித்துப்போட்டு வேற ஒண்டு எடுங்கடா." எதை வைத்து எடுப்பது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் எஞ்சின் அளவைப் பார்த்து விழுகிற வரியைக் கட்டி இரண்டு லீட்டர் டர்போ கார் எடுக்கிற ஆள் எங்கள் தெருவில் இல்லை. உள்ளதைக் காப்பாற்றுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, வேற வழியும் இல்லை.

கூட்டாளிமார் சொல்வது வேறு: "மச்சான், இந்த எஞ்சின்ல எவ்வளவோ பவர் ஒளிச்சிருக்கு, திறந்து விடுங்க." அதில் பொய் இல்லை. 1998இல் வந்த சுபாரு லெகசி வேகனின் ஜிடி-பி வகை, இரண்டு லீட்டர் எஞ்சினில் இரண்டு டர்போவோடு 280 குதிரைவலு தந்தது. டொயோட்டா கல்டினா ஜிடி-டி 260. குடும்பம் ஏற்றுகிற காருக்குள் பந்தயக்கார எஞ்சின். 1994இல் வொல்வோ, பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் 850 வேகனையே ஒரு சீசன் முழுக்க ஓட்டியது. வேகன் என்றால் சோம்பேறி வண்டி என்று நினைத்தவர்கள் அதைப் பார்த்திருக்க வேணும். எங்களுக்கும் அந்தக் கிறுக்கு இருக்கு, மறைக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற கார் 120இல் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுது. பிரேக் அடக்க வேண்டிய சக்தியோ 44 சதவீதம் கூடுது. பவரைக் கூட்டிவிட்டு பிரேக்கை அப்படியே விடுவது, பெரிய அவுட்போர்ட் மோட்டரைப் பூட்டிவிட்டு உக்கின நங்கூரக் கயிற்றோடு கடலுக்குப் போவது மாதிரி.

அடுத்தது பெற்றோல். அந்த டர்போ எஞ்சின்களை ஜப்பான்காரன் தன்னுடைய ஹை-ஒக்டேன் பெற்றோலுக்கு என்று செய்தான். அங்கே அதன் தரம் 96க்குக் குறையக் கூடாது. இங்கே ஷெட்டில் பெரும்பாலும் 92, தேடினால் 95. ஒக்டேன் குறைந்த பெற்றோலோடு பூஸ்டைக் கூட்டினால், பிளக் தீப்பொறி கொடுத்த பிறகு எரியாமல் மிச்சமிருக்கிற பெற்றோல் தானாக வெடிக்கத் தொடங்கும். அந்த 'டக் டக்' சத்தம்தான் நொக்கிங். கொஞ்ச நாளில் பிஸ்டன் உடையும். அதனால் எங்கள் வேகனுக்கு 95 மட்டும். பூஸ்டை ஒரு நூல் அளவும் தொடவில்லை.

மூன்றாவது எங்கட ஊர்க் காற்று. உலகமெல்லாம் இருந்து காற்றாடிச் சறுக்கலுக்கு ஆட்கள் வருகிற அதே காற்றுத்தான் காரைத் தின்கிறது. சோளகம் அடித்தால் கண்ணாடியில் உப்புப் படியும். கண்ணாடியைத் துடைக்கிறோம், அடிப்பாகத்தை யார் பார்க்கிறது? கடலால் வந்ததும் போட்காரர்கள் மோட்டரை நல்ல தண்ணியில் ஓடவிட்டுக் கழுவுவார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் காருக்கும் எடுத்தோம். கிழமைக்கு ஒருதரம் அடிப்பாகத்துக்குத் தண்ணி. துரு கண்டால் சுரண்டி, துரு மாற்றி மருந்து பூசி, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் தார்ப் பூச்சு. ஈரத் துருவுக்கு மேலே தாரை அடித்தால் அது துருவை மூடிவைக்கும், நிறுத்தாது.

பூஸ்டுக்குச் சேர்த்த காசில் நாங்கள் செய்த வேலை இதுதான். நாலு பிரேக் பைப்பும் செம்பு-நிக்கல் பைப்பாக மாறியது. அது துருப்பிடிக்காது. பைப்பின் முனையை விரித்து அடிக்கிற வேலையை மட்டும் தெரிந்த பாஸ் ஒருவரிடம் கொடுத்தோம். பிரேக் ஒயில் புதுசு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 ஒயில் புதுசில் குறைந்தது 230 பாகையில் கொதிக்கும்; ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேணும். டயர் நாலும் மாற்றினோம். பழசு பார்வைக்கு நல்லாத்தான் இருந்தது. பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தை வாசித்தபோதுதான் வயசு தெரிந்தது. 1214 என்றால் 2014ஆம் வருஷம் 12ஆவது கிழமை. ரப்பருக்கு வயசு, அது ஓடின தூரத்தில் மட்டும் இல்லை. பிறகு ஷொக் அப்சோபர், புஷ், காய்ந்துபோன வெற்றிட ஹோஸ்கள், டைமிங் பெல்ட். இதில் பாதிச் சாமான் பஞ்சிகாவத்தையில் அலைந்து எடுத்தது.

எல்லாம் முடிந்து ஓட்டியபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு குதிரைவலுவும் கூட்டவில்லை, ஆனால் கார் வேற கார். வெடித்த ஹோஸ் வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்ததால் இருந்த பூஸ்டே எங்களுக்குக் கிடைக்காமல் இருந்திருக்கு. நாங்கள் காசு கொடுத்து வாங்கப் பார்த்தது ஏற்கனவே எங்களிடம் இருந்த பவர்.

வீட்டில் செய்வதில் ஒரு ஆபத்தும் இருக்கு, அதையும் சொல்ல வேணும். வீடியோ பார்த்தால் எல்லாம் லேசு. ஜாக்கை மட்டும் நம்பி, அதுவும் எங்கட மணல் தரையில், காருக்குக் கீழே போகாதீர்கள். பலகை போட்டு, ஸ்டாண்ட் வைத்து, காரை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேணும். எயார் பேக், சுருள் ஸ்பிரிங் ரெண்டையும் தெரிந்தவரிடம் விடுங்கள். துருப்பிடித்த பிரேக் பைப்பை வெட்டி நடுவில் ரப்பர் ஹோஸ் சொருகிக் கிளிப் அடிக்கச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, நாங்கள் செய்த பிழை. முதல் முறை ஒயில் மாற்றியபோது நாலு லீட்டர் பழைய ஒயிலையும் வேலியோரம் மணலில் ஊற்றினோம். எங்கட நிலம் மணல், கிணற்றில் தண்ணி ஆழத்தில் இல்லை. மணலில் ஊற்றியது எங்கே போகும்? நாங்கள் குடிக்கிற தண்ணிக்குத்தான். கூட்டாளியின் உம்மாதான் வாளியோடு வந்து அதைக் கேட்டா. எங்களிடம் பதில் இல்லை. இப்போது பழைய ஒயில் மூடியுள்ள கேனில் சேர்ந்து, அதை எடுத்துக்கொள்கிற கராஜுக்குப் போகிறது. அதேபோல எங்கட கிணற்றுத் தண்ணியை ரேடியேட்டருக்கும் ஊற்றுவதில்லை. உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து எஞ்சின் கொதிக்கும். கூலண்டும் வடிகட்டின தண்ணியும் விலைதான். ஹெட் கஸ்கெட் அதைவிட விலை.

சைலன்சரை வெட்டிச் சத்தம் கூட்டுவது பற்றிக் கேட்பீர்கள். கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றினால் வருஷாந்தப் புகைப் பரிசோதனையில் மாட்டலாம், அதில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை. அதை விடுவோம். ராத்திரி இரண்டு மணிக்குக் கடலுக்குப் போக எழும்புகிற மனிதர், பத்து மணிக்குத் தூங்க வேணும். அவர் தெருவில் உங்கள் எக்சோஸ்ட் வெடிக்கத் தேவையில்லை.

பூஸ்ட் ஆசை எங்களுக்குப் போய்விட்டதா? இல்லை. ஒருநாள் கொம்ப்ரஷன் பார்த்து, இன்டர்கூலரை மாற்றி, தெரிந்த ஆளிடம் ஒழுங்காக டியூன் செய்வோம். ஓட்டுவதென்றால் ஓடுபாதையில் ஓட்டுவோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற பாலாவி-கல்பிட்டி ரோட்டில் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழட்டு வேகன் நின்றால், இந்தக் கிழமை ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பின் சில்லைக் கழற்றி, டோர்ச் அடித்து, பைப்பைப் பாருங்கள். ஒரு கொப்பியில் திகதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதி வையுங்கள். எங்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த உக்கின பைப்பின் ஒரு துண்டை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். தங்கச்சியின் மகனுக்கு இப்போது பல் முளைக்கிறது. அவனை ஊசி போடக் கொண்டுபோவதும் அதே வேகனில்தான்.