அம்மாவின் கைக்கு எட்டிய வேதம்



பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நாம், பிற்காலத்தில் வயதான பெற்றோரையும் நம்மோடு அழைத்துக்கொள்கிறோம். நாம் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், பாஷை தெரியாத பட்டணத்தில், அடைத்த கதவுக்குள் அவர்களுடைய பகற்பொழுது எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

என் தாயார் மும்பைக்கு வந்தபோது கண்பார்வை மங்கியிருந்தது. வேதாகமத்தின் எழுத்துக்கள் தெரியவில்லை. ஒலி வேதாகமத்தைக் கைபேசியில் பதிந்து கொடுத்தேன். கண்ணாடித் திரையில் விரலுக்குத் தட்டுப்படுவது ஒன்றுமில்லையே! மாலையில் பேரப்பிள்ளைகள் வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆகவே, விரலால் தடவி அறியத்தக்க பொத்தான்களுள்ள ஒரு சிறு பெட்டியை நானே செய்யத் தீர்மானித்தேன்.

இது கடினமான வேலையல்ல. மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் ‘டி.எஃப். பிளேயர் மினி’ என்னும் சிறு பலகையைக் கேட்டுப் பாருங்கள். அது 32 ஜி.பி. வரையிலான மெமரி கார்டை ஏற்கும். 3 வாட்டுக்கு உட்பட்ட சிறு ஸ்பீக்கரை நேரடியாகவே இயக்கும். அதன் ஐ.ஓ.1, ஐ.ஓ.2 என்னும் முனைகளைத் தனித்தனிப் பொத்தான் வழியாக கிரவுண்ட் முனையோடு இணைத்தால் போதும். புரோகிராம் எதுவும் எழுத வேண்டியதில்லை. முதலாவது பொத்தானைத் தட்டினால் முந்தின பகுதி வரும். அழுத்திப் பிடித்தால் ஒலி குறையும். இரண்டாவதைத் தட்டினால் அடுத்த பகுதி. அழுத்திப் பிடித்தால் ஒலி கூடும். 3.7 வோல்ட் லித்தியம் செல், பாதுகாப்புச் சுற்றுள்ள டி.பி. 4056 சார்ஜிங் பலகை, ஒரு சுவிட்ச் ஆகியவற்றையும் சேர்த்தால் பெட்டி ஆயத்தம். செல்லின்மேல் நேரடியாகப் பற்றவைக்காமல் ஹோல்டரில் பொருத்துங்கள். படுக்கையின்மேல் வைத்து ஒருபோதும் சார்ஜ் செய்யாதிருங்கள்.

விரலுக்கு அடையாளமாகச் சட்டைப் பொத்தான்களை மேலே ஒட்டினேன். பெரியது ‘அடுத்தது’, சிறியது ‘முந்தினது’.

வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும் ஏற்றிப் பெருமிதத்தோடு கொடுத்தேன். பத்து நாள் கழித்து, “அம்மா, எதுவரைக்கும் கேட்டிருக்கிறீர்கள்?” என்றேன். “ஆதியாகமம்தான் ஐயா. தினமும் முதலாம் அதிகாரத்திலேதான் ஆரம்பிக்கிறது. அதுவும் கர்த்தருடைய வார்த்தைதானே” என்றார்கள்.

இருதயத்தில் குத்தப்பட்டவனானேன். சுவிட்சை அணைத்தால், விட்ட இடம் அந்தப் பலகைக்கு நினைவிராது. மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கும். அது இயந்திரத்தின் குறை. ஆனால் பத்து நாளும் விசாரியாமல் இருந்தது என் குறையல்லவா? அன்றுதான் முதன்முறையாக, “உங்களுக்கு எது வேண்டும் அம்மா?” என்று கேட்டேன். “சங்கீதம்” என்றார்கள்.

150 சங்கீதங்களையும் பத்துப் பத்தாகச் சேர்த்து 15 பகுதிகளாக்கி, ஒரு கார்டில் பதிந்தேன். கார்டில் பதியும் வரிசையிலேயே பாடுமாதலால், ஒவ்வொன்றாக முறைப்படி பதிய வேண்டும். இப்பொழுது 91-ஆம் சங்கீதம் பத்தாவது பகுதியில் இருக்கிறதென்று எண்ணித் தட்டிக் கேட்கிறார்கள். சுவிசேஷங்களுக்கு வேறொரு கார்டு உண்டு. அவர்கள் சொல்லும்போது நான் மாற்றிக் கொடுக்கிறேன்.

பிரியமானவர்களே, ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேலைத் தேவன் தமது ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கைவேலையும் அவர் தந்த ஈவே. விசுவாசம் கேட்பதினால் உண்டாகிறதென்று ரோமர் 10-ஆம் அதிகாரம் நமக்குப் போதிக்கிறது. நம் தமிழிலோ ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்குச் செவிகொடுப்பது, விசாரிப்பது என்று இரு பொருளும் உண்டு. பெற்றோர் வசனத்தைக் கேட்க வழிசெய்யும் நாம், அவர்களையும் கேட்க வேண்டாமா?

பெட்டி செய்ய இயலாதோர் கவலைப்பட வேண்டாம். இன்றிரவு உங்கள் தாய் தகப்பனருகே உட்கார்ந்து, “எந்தப் பகுதி வாசிக்கட்டும்?” என்று கேட்டு, ஓர் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பெட்டியிலும் வராத குரல், அவர்கள் பெற்ற பிள்ளையின் குரல்.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.