வண்டி நம்மோடது, மூளை யாரோடது?

போன ஆடி மாதம் எங்க பிக்கப் வண்டி பதினோரு நாள் களத்தோரம் அசையாம நின்னுச்சு. 2011-ல் வாங்கிய டீசல் வண்டி. வாரம் இரண்டு தடவை சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து கோவைக்குக் கீரை, கத்தரி, வெண்டை, வாழைத்தார் ஏற்றிப் போவோம். என் சரக்கு மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டங்கள் நாலு குடும்பத்துச் சரக்கும் இதில்தான் போகும். கீரை பதினோரு நாள் காத்திருக்காது. வாடகை வண்டி வைத்து மூன்று நடை அனுப்பினோம். நான்காவது நடைக்கு வந்த காசு வாடகைக்கே சரியாப் போச்சு.

தப்பு என்னோடதுதான். பின்பக்கக் கம்பித் தடுப்பு ஒடிந்திருந்தது, லேத் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பட்டறைத் தம்பி கேட்டார், "அண்ணா, பேட்டரி ஒயரைக் கழட்டிடலாங்களா?" "அஞ்சு நிமிஷ வேலை தம்பி, அப்படியே அடிங்க"ன்னு சொன்னவன் நான். வெல்டிங் முடிந்து சாவியைத் திருப்பினா செல்ஃப் சுத்துது, இஞ்சின் பிடிக்கலை. வெல்டிங் கரண்ட் வண்டியோட ஒயர் வழியா ஏறி இசிஎம் பெட்டியைத் தாக்கிவிட்டது.

இசிஎம் பற்றித் தெரியாதவங்களுக்கு இரண்டு வரி. பழைய டீசல் இஞ்சினில் எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் தெளிக்கணும்னு பம்ப்பே பார்த்துக்கொள்ளும். ஸ்பேனர் வைத்திருக்கிற எந்த மெக்கானிக்கும் அதைத் திருகிச் சரிசெய்யலாம். காமன் ரெயில் இஞ்சினில் அந்த முடிவை எடுப்பது இசிஎம். இஞ்சின் சுற்றும் வேகம், சூடு, ஆக்சிலேட்டர் மிதி, குழாயில் டீசலின் அழுத்தம் எல்லாத்தையும் சென்சார் மூலம் வாங்கி, ஒவ்வொரு இன்ஜெக்டரும் எப்போ திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு அதுதான் சொல்லும். அந்தக் கணக்கு ஒரு புரோகிராமாக உள்ளே எழுதப்பட்டிருக்கு. பல வண்டிகளில் சாவியோட ரகசிய எண்ணும், நான்கு இன்ஜெக்டரின் தனித்தனிக் குறியீட்டு எண்ணும் கூட அதில்தான் பதிவாகியிருக்கும். அதனால வேறொரு வண்டியின் பெட்டியைக் கழட்டி மாட்டினா வேலை நடக்காது. சாவியை அடையாளம் தெரியலைன்னு இஞ்சினைப் பூட்டி வைத்துவிடும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனோம். புதுப் பெட்டி நாற்பதாயிரத்துக்கு மேலே, அதுவும் இந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லை, எப்போ வரும்னு சொல்ல முடியாதுன்னாங்க. வந்தாலும் அவங்க லேப்டாப்பில்தான் புரோகிராம் ஏற்ற முடியும். பழைய பெட்டியையே திறந்து பார்க்கக் கூடாதான்னு கேட்டேன். "அது எங்க பாலிசியில இல்லைங்க. எக்ஸ்சேஞ்சில புது வண்டி பார்க்கலாமே"ன்னாங்க. இஞ்சின், கியர் பாக்ஸ், சேஸிஸ் எல்லாம் நல்லாயிருக்கிற வண்டியை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டிக்காக இரும்பு விலைக்குப் போடச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

கடைசியில் கோவையில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "கரண்ட் வர்ற பக்கம்தாங்க எரிஞ்சிருக்கு, மெமரி உயிரோட இருக்குது"ன்னார். உக்கடம் பக்கம் பழைய உதிரிபாகக் கடையில் அதே பார்ட் நம்பர் உள்ள பெட்டி ஏழாயிரத்துக்குக் கிடைத்தது. எங்க பெட்டியிலிருந்த பதிவு முழுவதையும் படித்து எடுத்து, அதில் எழுதினார். எழுதும்போது கரண்ட் ஒரு நொடி தடுமாறினாலும் இந்தப் பெட்டியும் கெட்டுப்போகும்னு தனியா சார்ஜர் மாட்டி வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம். கூலி ஐந்தாயிரம். சாவி போட்டதும் வண்டி பிடிச்சுக்கிச்சு, எங்க வண்டி எங்க வண்டியாவே திரும்பி வந்தது. அந்த மனிதர் ஏதோ திருட்டு வேலை பார்க்கிற மாதிரி ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துத்தான் அதைச் செய்தார் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இதில் திருட்டு எங்கே இருக்கு? காசு கொடுத்து வாங்கிய வண்டி, காசு கொடுத்து வாங்கிய பெட்டி, என் வண்டியில் ஏற்கெனவே இருந்த பதிவு. 2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் ஜான் டீர் கம்பெனி, டிராக்டர் வாங்குகிறவருக்கு உள்ளே இருக்கும் மென்பொருளை வைத்து வண்டியை ஓட்டும் உரிமம்தான் கிடைக்கிறது என்று வாதாடியது. ஆனா அதே ஆண்டு, பழுது பார்ப்பதற்காகப் பூட்டைத் திறக்க டிராக்டர் உரிமையாளர்களுக்கு விலக்கு கிடைத்தது. 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது. 2024 ஜனவரி 1 முதல் கையேடு, கருவி, மென்பொருள் எல்லாத்தையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கம்பெனி தந்தாகணும். நம்ம நாட்டிலும் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் மோட்டார் வாகனங்களும் உண்டு. அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். ஆனா அதைக் காட்டி, "புரோகிராமைக் கொடு"ன்னு சர்வீஸ் சென்டரில் என்னால் கேட்க முடியலையே.

விதைக்கு நமக்கு அந்த உரிமை எழுத்தில் இருக்கு. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவில், விளைந்த விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், பிராண்டு பெயர் போடாம விற்கவும் செய்யலாம்னு இருக்கு. இயந்திரத்துக்கு அந்த மாதிரி ஒரு வரி வேணும். குறைந்தபட்சம், ஒரு மாடலுக்குப் பெட்டி விற்பதை நிறுத்துகிற கம்பெனி, அதன் புரோகிராமையும் எழுதும் கருவியையும் நியாய விலைக்கு வெளி மெக்கானிக்குகளுக்குத் தரணும்.

"இயற்கை விவசாயிக்கு மாடு இருக்கே, கம்ப்யூட்டர் வண்டி எதுக்கு?"ன்னு நம்ம கூட்டத்திலேயே சிலர் கேட்பாங்க. எங்க வீட்டிலயும் இரண்டு மாடு இருக்கு. கோவைக்குக் கீரை கொண்டுபோக அதுகளால ஆகாது. டிராக்டரும் இந்த வழிக்கு வந்துவிட்டது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் ட்ரெம் 4 புகை விதி. அதற்காக அந்த அளவு டிராக்டர்களில் காமன் ரெயிலும் பெட்டியும் ஏறிவிட்டன. பத்து வருஷம் கழித்து அதெல்லாம் பழைய வண்டி ஆகும்போது என் நிலைமைதான் அவங்களுக்கும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காம சொல்லணும். பெட்டியில் எழுதுகிற இதே வித்தையை வைத்து "இருபது குதிரை கூட்டித் தர்றேன்"னு சொல்கிறவங்களும் இருக்காங்க. அதிக டீசல் தெளிக்க வைப்பாங்க. புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வைப் புரோகிராமிலேயே மூடிவிடுவாங்க. வண்டி சீறும், கூடவே கிளட்ச் போகும், கியர் பாக்ஸ் போகும், பின்னால் வருகிறவர் மூஞ்சியில் கரி அடிக்கும். எனக்கும் இலவசமாகச் செய்து தருவதாக ஒருத்தர் சொன்னார், வேண்டாம்னுட்டேன். மண்ணில் விஷம் போடாதேன்னு ஊருக்குச் சொல்லிவிட்டு, ஊர் மூக்கில் புகையை விட எனக்கு முகம் இல்லை. கொலராடோ சட்டமும் பழுது பார்க்கத்தான் வழி விடுகிறது, புகை விதியை ஏமாற்ற அனுமதி தரவில்லை.

ஆனா அதையே சாக்காக வைத்து, "விவசாயி கையில் கொடுத்தா புகை விதி கெடும்"னு கம்பெனிகள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் புரோகிராமை உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்களில் போட்டதாக 2015-ல் மாட்டிக்கொண்டது ஃபோக்ஸ்வாகன். அதை எழுதியது எந்தத் தோட்டத்து மெக்கானிக்கும் இல்லை.

சட்டம் வரும்போது வரட்டும். காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவங்க, வண்டி நல்லா ஓடும்போதே விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பெட்டியின் பதிவை ஒரு பிரதி எடுத்து வைங்க. இன்ஜெக்டர் தலையில் பொறித்திருக்கும் எண்ணையும் பெட்டியின் பார்ட் நம்பரையும் போனில் படம் பிடித்து வைங்க. எங்களோட பிரதி ஒரு பென் டிரைவில், ஆர்.சி. புத்தகத்தோட இருக்கு. பட்டறையில் யார் என்ன அவசரப்படுத்தினாலும், வெல்டிங் வைக்கும் முன்னாடி பேட்டரியோட நெகடிவ் ஒயரைக் கழட்டச் சொல்லுங்க.